பிறப்பு, இறப்பு, காய்ச்சல்: மருத்துவமனை யாருக்கு, எப்போது, எதைச் சொல்ல வேண்டும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தமிழ்நாட்டில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். எங்கள் கவுன்ட்டருக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒன்று, சான்றிதழுக்காக அலையும் குடும்பத்தார். இன்னொன்று, "இந்தப் படிவத்தில் என்ன எழுத?" என்று பேனாவோடு நிற்கும் பயிற்சி மருத்துவர்களும் நர்சுகளும். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வது பெரும்பாலும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். 2023இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பிரசவம் மதுரை நகரத்தில் நடந்தது. பிறப்பை எங்கே பதிவது?

மதுரையில். குடியிருக்கும் ஊர் எது என்பது இங்கே கணக்கில்லை, சம்பவம் நடந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு. இறப்புக்கும் இதே விதிதான். பெரியவர் கிராமத்தில் எழுபது வருடம் வாழ்ந்திருப்பார், கடைசி இரண்டு நாள் நகரத்து ஐ.சி.யு.வில் கிடந்து இறந்திருப்பார். பதிவு நகரத்தில்தான். இது தெரியாமல் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நாலு நடை நடந்துவிட்டு எங்களிடம் வந்து கோபப்பட்டவர்கள் ஏராளம்.

கிராமத்தில் நடந்ததை வி.ஏ.ஓ. பதிவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததை அங்குள்ள சுகாதார ஆய்வாளர் பதிவார். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் என்றால் அவற்றின் சுகாதாரப் பிரிவு. மாநிலம் முழுவதற்குமான தலைமைப் பதிவாளர் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர்.

அந்தத் தகவலைக் கொடுக்க வேண்டியது நாங்களா, மருத்துவமனையா?

மருத்துவமனையில் நடந்தால் மருத்துவமனை. பொறுப்பு மருத்துவ அலுவலரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர். சிறை என்றால் சிறை அதிகாரி, விடுதி என்றால் விடுதிப் பொறுப்பாளர். கேட்பாரற்றுக் கிடக்கும் பச்சிளங்குழந்தைக்கும் உடலுக்கும் ஊர்த் தலைவர் அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு, அங்கே தோட்டக் கண்காணிப்பாளர் பொறுப்பு. இது போக, பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும், சுடுகாடு, இடுகாட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் தகவல் சொல்லும் கடமை இருக்கிறது. ஒரு வழியில் விட்டுப்போனது இன்னொரு வழியில் வந்து சேரட்டும் என்று போட்ட வலை அது.

ஆகவே, "ஃபார்ம் வாங்கிக்கொண்டு போய் நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அது தன் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது. சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு பிறப்புக்கும் இறப்புக்கும் ரூ.1,000 வரை நிறுவனத்துக்கு அபராதம் போடலாம். தொகை சிறியதுதான், நோட்டீஸ் வந்தால் படும் பாடு பெரியது.

21 நாள் தாண்டிவிட்டது. என்ன வழி?

முப்பது நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், நீங்களே சான்றொப்பமிட்ட ஆவணமும் வேண்டும். முன்பு இதற்கு நோட்டரி அபிடவிட் கேட்டார்கள், திருத்தத்தில் அது போய்விட்டது. ஒரு வருடம் தாண்டினால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வாங்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை.

எந்த நிலையிலும் கையில் இருக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி. அதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னும் பெயர் வைக்கவில்லை. ஜாதகம் பார்த்துத்தான் வைப்போம். அதுவரை பதிவு நிற்குமா?

நிற்காது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயர் இல்லாத சான்றிதழை பீரோவில் பூட்டிவிட்டு, பள்ளிச் சேர்க்கைக்கு முதல் வாரம் ஓடிவராமல் இருந்தால் சரி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டிச் சமாளித்த காலம் அந்தக் குழந்தைகளுக்கு இல்லை.

சான்றிதழில் அப்பா பெயரில் எழுத்துப் பிழை. யார் தவறு?

பத்தில் எட்டு தடவை எங்கள் தரப்புத் தவறு. தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பிரசவ வார்டு கேஸ் ஷீட்டில் நர்ஸ் காதில் விழுந்தபடி ஒரு மாதிரி. கேஸ் ஷீட்டில் உள்ளதை அப்படியே படிவத்தில் ஏற்றினால் பிழை ஆயுசுக்கும் தொடரும். பதிவாளரால் திருத்த முடியும், ஆனால் அதற்கு மருத்துவமனைக் கடிதமும் ஆதாரங்களும் கேட்பார். பதிவேட்டில் முதலில் எழுதியதை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதி கையெழுத்துப் போடுவார்கள்.

எங்கள் இடத்தில் நான் கொண்டுவந்த ஒரே ஒரு சீர்திருத்தம் இதுதான்: படிவத்தை அனுப்பும் முன் குழந்தையின் தாயிடம் காட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்குவது. தாயிடம்தான் காட்ட வேண்டும். வராந்தாவில் நிற்கும் மாமாவிடம் காட்டினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

குழந்தை ஒரே ஒரு முறை மூச்சு விட்டது, பிறகு இல்லை. இதை எப்படிப் பதிவது?

பிறப்பாக ஒரு முறை, இறப்பாக ஒரு முறை. இரண்டுமே பதிய வேண்டும். கர்ப்பம் எத்தனை வாரம் என்பது இதில் வராது. வெளியே வந்தபின் மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, அசைவு என்று உயிரின் அடையாளம் ஏதேனும் ஒன்று இருந்தால் அது உயிருள்ள பிறப்பு. பிறப்புக்குப் படிவம் 1, பிறகு இறப்புக்குப் படிவம் 2, இறப்பின் காரணத்துக்குப் படிவம் 4.

28 வாரமோ அதற்கு மேலோ ஆகி, உயிரின் அடையாளமே இல்லாமல் பிறந்தால் அது இறந்து பிறத்தல். அதற்குப் படிவம் 3.

பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுத குழந்தையை இறந்து பிறந்ததாக எழுதிவிடும் ஆசை வரும். குடும்பத்துக்கு இரண்டு சான்றிதழ் வாங்கும் வலி வேண்டாமே என்ற இரக்கத்தில் சிலர் எழுதுவார்கள், மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை இறப்புக் கணக்கு ஏறக் கூடாது என்று சிலர் எழுதுவார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் அது பொய்ப் பதிவு. அந்தக் குழந்தை பிறந்தது என்பதற்கு அந்தத் தாயிடம் மிஞ்சப்போவது அந்த ஒரு தாள் மட்டும்தான்.

ஆம்புலன்சில் போகும் வழியில் பிரசவம் ஆகிவிட்டது. எந்த ஊர்க் கணக்கு?

ஓடும் வண்டியில் பிறந்தாலும் இறந்தாலும், வண்டிப் பொறுப்பாளர் அடுத்து முதலில் நிற்கும் இடத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. பேருந்துக்கும் இதுவே.

இறப்புப் படிவத்தில் "வெற்றிலை பாக்கு போடுவாரா, எத்தனை வருடம்" என்றெல்லாம் இருக்கிறதே. துக்க வீட்டில் இதைக் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். புகைத்தல், புகையிலை மெல்லுதல், பாக்கு (பான் மசாலா உள்பட), மது, ஒவ்வொன்றும் எத்தனை வருடம் என்று படிவம் 2 கேட்கிறது. படிவத்துக்கு இரண்டு பகுதி. சட்டப் பகுதி பதிவேடாக அங்கேயே தங்கும். புள்ளிவிவரப் பகுதியைப் பிரித்துக் கணக்கெடுப்புக்கு அனுப்புவார்கள். பழக்கங்கள், தொழில், தாயின் படிப்பு, பிறப்பு எடை எல்லாம் இந்த இரண்டாவது பகுதியில்தான். சான்றிதழில் இவை எதுவும் வராது.

நடப்பில் இந்தக் கட்டங்களை முக்கால்வாசிப் பேர் காலியாக விடுகிறார்கள், அல்லது "இல்லை" என்று நிரப்பித் தள்ளுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஒரு நாள் வாய்ப்புற்றுநோயில் இறந்த ஒருவரின் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று என் கையெழுத்திலேயே பார்த்தேன். அவர் பையில் எப்போதும் புகையிலைப் பொட்டலம் இருக்கும் என்று வார்டு முழுவதற்கும் தெரியும்.

இறப்புக்குக் காரணம் "இதயம் நின்றுவிட்டது" என்று எழுதினால் போதாதா?

போதாது. அதிகம் வரும் பிழையும் இதுதான், அதிகம் சேதம் செய்யும் பிழையும் இதுதான். இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கும், மூச்சு நிற்கும். அது இறக்கும் விதம், காரணம் இல்லை.

படிவம் 4இன் முதல் பகுதியில் மூன்று வரிகள் இருக்கும். (அ) உடனடிக் காரணம். (ஆ) அதைக் கொண்டுவந்தது. (இ) எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூல நோய். மேலிருந்து கீழே படித்தால் "இது எதனால் வந்தது? அது எதனால் வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டாம் பகுதியில், சங்கிலியில் நேரடியாக வராமல் கூடவே இருந்து நிலைமையை மோசமாக்கியவை.

ஓர் உதாரணம். சர்க்கரை நோயாளி, காலில் புண், அழுகி, கிருமி ரத்தத்தில் ஏறி இறந்துபோகிறார். (அ) செப்டிக் ஷாக், 2 நாள். (ஆ) காலில் கிருமித் தொற்றுள்ள அழுகல், 3 வாரம். (இ) இரண்டாம் வகை சர்க்கரை நோய், 14 வருடம். சிறுநீரகமும் பழுது என்றால் அது இரண்டாம் பகுதிக்குப் போகும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எவ்வளவு காலம் என்று எழுதும் கட்டத்தை விடக் கூடாது. வரிசை தலைகீழாகிவிட்டால் அந்தக் கட்டம்தான் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் காலம் கீழே போகப் போக நீள வேண்டும்.

கணக்கெடுப்பவர்கள் சர்வதேச நோய்க் குறியீட்டு எண் போடுவது பெரும்பாலும் அந்த மூல நோய்க்குத்தான். மூன்று வரிக்கும் பதிலாக "இதய, நுரையீரல் செயலிழப்பு" என்று ஒரே வரி எழுதினால், அவர் சர்க்கரை நோய்க் கணக்கில் வர மாட்டார், எந்தக் கணக்கிலும் வர மாட்டார். இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 22.5 சதவீதம்தான். எழுதியதிலும் இப்படிப் பதர் கலந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

சுருக்கெழுத்து வேண்டாம். மூன்றெழுத்துச் சுருக்கம் இருதய வார்டில் ஒன்றைக் குறிக்கும், மூளை வார்டில் வேறொன்றைக் குறிக்கும். விபத்து, தற்கொலை, கொலை, விசாரணையில் உள்ளது என்று இறந்த விதத்தைக் குறிக்கவும் படிவத்தில் கட்டம் உண்டு. போலீஸ் கேஸ் என்றால் அதைக் காலியாக விட்டுவிட்டு நகர வேண்டாம்.

அப்பா வீட்டிலேயே இறந்துவிட்டார். டாக்டர் காரணச் சான்று தரப் பணம் கேட்கிறார்.

கேட்கக் கூடாது. கடைசி நோயின்போது வைத்தியம் பார்த்த மருத்துவர் கட்டணம் வாங்காமல், தாமதிக்காமல் காரணச் சான்று தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு இறப்புக்குப் படிவம் 4ஏ.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அவரைப் பார்த்தே இராத மருத்துவரிடம் போய் "சும்மா ஒரு கையெழுத்து" என்று நிற்காதீர்கள். அவர் மறுத்தால் அது சரிதான். வரும்போதே உயிர் இல்லை என்ற நிலையில் கொண்டுவரப்படுபவர்களுக்கும் இதே கதை. முன்பு வைத்தியம் பார்க்காத மருத்துவமனைக்குக் காரணம் தெரியாது, சந்தேகம் இருந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் வருமா?

வராது. பதிவேட்டில் உள்ள இறப்புக் காரணத்தைச் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனம் காரணம் கேட்டால் காட்ட வேண்டியது படிவம் 4இன் நகலை. 2023 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவமனை அந்த நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியவில்லை.

பிரசவம் ஆகி மூன்று வாரம் கழித்து வேறு மருத்துவமனையில் இறந்த பெண், தாய் இறப்புக் கணக்கில் வருவாரா?

வருவார். கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள, அல்லது கர்ப்பத்தாலோ அதன் சிகிச்சையாலோ மோசமடைந்த காரணத்தால் இறந்தால் அது தாய் இறப்பு. 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், 21 நாள் அவகாசம் இதற்கு இல்லை. நழுவும் இடம் எதுவென்றால், மஞ்சள் காமாலை என்று பொது ஐ.சி.யு.வில் சேர்ந்திருப்பார், அங்கே யாரும் பிரசவம் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். படிவம் 4இல் இறந்தவர் பெண் என்றால் கர்ப்பத்தோடு தொடர்பு உண்டா, பிரசவம் ஆனதா என்று கேட்டிருப்பது இதற்காகத்தான். 2018–20 கணக்கின்படி லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஒவ்வொரு இறப்பையும் உட்கார்ந்து ஏன் என்று ஆராயும் வழக்கம் இங்கே வெகு காலமாக இருக்கிறது. ஆராய்வதற்கு முதலில் அந்த இறப்பு கணக்குக்கு வந்தாக வேண்டும்.

எந்தெந்த நோயைச் சொல்ல வேண்டும்? பட்டியல் நீளமாக இருக்கிறதே.

1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நம் மாநிலத்தில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட நோய்கள் எல்லாமே சொல்ல வேண்டியவை. அன்றாடத்துக்கு இப்படி நினைவில் வையுங்கள்: காலரா, தொண்டை அடைப்பான், டெங்கு, தட்டம்மை, ரேபிஸ் போன்றவற்றுக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்தாலே சொல்லலாம். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் இதற்கென்று மூன்று படிவங்கள் உண்டு. களப் பணியாளரின் சந்தேகத்துக்கு எஸ், மருத்துவரின் கணிப்புக்கு பி, ஆய்வகத்தின் உறுதிப்பாட்டுக்கு எல். முன்பு வாரம் ஒரு முறை தாளில் போனது, இப்போது இணையதளத்தில் அன்றன்றே ஏற்றுகிறார்கள்.

15 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் திடீரென்று கை, கால் தளர்ந்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் அன்றே சொல்ல வேண்டும். 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். "போலியோதான் போய்விட்டதே" என்பார்கள். இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். அதன் பிறகு வரவில்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடிவதே ஒவ்வொரு தளர்ச்சியையும் இன்றும் சோதிப்பதால்தான்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். எண்பதுகளில் வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவர் குழுவும் வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்பு ஏற்பாடு செய்தார்கள். தனியார் மருத்துவர்களுக்கு அச்சடித்த அஞ்சல் அட்டை கொடுத்துவிடுவார்கள், நோயாளியைப் பார்த்ததும் எழுதித் தபாலில் போட வேண்டியதுதான். அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் "நதி". தகவல் தருவதை எவ்வளவு எளிதாக்குகிறோமோ அவ்வளவு தகவல் வரும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. பாஸ்வேர்டு மறந்துபோய், ஓ.டி.பி. வராமல் திண்டாடும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டை ஞாபகம் வரும்.

காசநோயைத் தனியார் மருத்துவரும் சொல்ல வேண்டுமா?

2012 மே முதல் கட்டாயம். 2018இல் ஆய்வகங்களையும், மருந்து கொடுக்கும் கடைகளையும் சேர்த்தார்கள், சொல்லாமல் மறைத்தால் தண்டனைக்கும் இடம் வைத்தார்கள். சளியில் கிருமி தெரிந்தவர்களை மட்டுமல்ல, எக்ஸ்ரேயையும் அறிகுறியையும் வைத்து மருந்து தொடங்கியவர்களையும் காசநோயாளிகளைப் பதியும் அரசு இணையதளமான நிக்ஷயில் ஏற்ற வேண்டும்.

நோயாளிகள் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: "வீட்டுக்கு ஆள் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே." அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. முதலில் போனில் பேசச் சொல்லுங்கள், எங்கே சந்திக்கலாம் என்று நோயாளியையே கேளுங்கள். பதிவானால் சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும் (2024 நவம்பருக்கு முன் ரூ.500) என்பதையும் சேர்த்துச் சொன்னால் முகம் கொஞ்சம் இளகும்.

பாம்புக்கடி தொற்றுநோயா? அதை ஏன் சொல்லச் சொல்கிறார்கள்?

தொற்றாது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அதை அறிவிக்க வேண்டியதாக்கியது. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் அதிகம் கடிக்கிறது என்று தெரிந்தால்தான் விஷமுறி மருந்தை எங்கே இருப்பு வைப்பது என்று முடிவு செய்ய முடியும். கடி வாங்கிப் பிழைத்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோயாளியின் அனுமதி வேண்டாமா? எச்.ஐ.வி.க்கும் இதே விதியா?

அறிவிக்க வேண்டிய நோயைச் சுகாதார அதிகாரிக்குச் சொல்வது ரகசியத்தை உடைப்பதாகாது, மருத்துவ ஒழுங்குமுறையே அதற்கு விலக்கு கொடுக்கிறது. ஆனால் சொல்வது அந்த அதிகாரிக்கு மட்டும். வார்டு வாட்ஸ்அப் குழுவில் பெயர், முகவரியோடு டெங்குப் பட்டியலைப் பகிர்வது அறிவித்தல் ஆகாது.

எச்.ஐ.வி. வேறு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம், சில விலக்குகள் தவிர, சம்மதமின்றி யாருடைய நிலையையும் வெளியிடத் தடை போடுகிறது. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையால் எழுதி வைப்பதும் வெளியிடுதல்தான்.

18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால்?

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. கருக்கலைப்புக்காக வரும்போது, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. இதில் வார்டு அளவில் யாரும் தாமாக முடிவெடுக்க வேண்டாம், உடனே பொறுப்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எங்களுடையது பத்துப் படுக்கை நர்சிங் ஹோம். இதற்கெல்லாம் தனி ஆள் போட முடியாது.

தனி ஆள் வேண்டாம், தனி நோட்டு போதும். தேதி, நோயாளி எண், என்ன தகவல், யாருக்கு, எந்த வழியில், ஒப்புகை எண். பகல் டியூட்டி நர்ஸ் ஒருவர் பெயரை அதில் எழுதி வையுங்கள், அவர் விடுப்பு எடுத்தால் யார் என்பதையும் எழுதுங்கள். சொல்ல ஒன்றுமில்லாத வாரத்தில் "இன்மை" என்று அறிக்கை அனுப்புங்கள். வராத அறிக்கைக்கும் "நோயாளி இல்லை" என்ற அறிக்கைக்கும் உள்ள வித்தியாசம் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மருத்துவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் படிவம் 4இல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் அவர் ஊரில் இருக்க மாட்டார், உடலை எடுத்துப் போக வண்டி மட்டும் வாசலில் நிற்கும்.